தில்லைத் தரிசனமும் தண்டவாளமும்

எங்கும் நிறைந்த பொருளைக் காண ஓரிடம் தேடிப் போக வேண்டுமா என்பது சைவத்தில் பழைய கேள்வி. தில்லை எனப்படும் சிதம்பரத்தில் அது இன்னும் கூர்மையாகிறது. ஐம்பூதத் தலங்களில் இது ஆகாயத் தலம். சிற்சபையில் நடராசருக்குப் பக்கத்துத் திரையை விலக்கினால் தெரிவது பொன்வில்வ மாலையும் அதன் பின்னால் வெற்றிடமுமே. இதைத்தான் சிதம்பர ரகசியம் என்கிறார்கள். வெளி எல்லா ஊரிலும் இருக்கிறது. அதைக் காண்பதற்காக மூட்டை கட்டிக்கொண்டு, ஆறு கடந்து, நாள்கணக்கில் நடந்து வருவதற்கு என்ன பொருள்? பசுவின் உடம்பெங்கும் பால் இருந்தாலும் மடியில்தான் கறக்க முடியும் என்று சைவர்கள் காலங்காலமாக விடை சொல்லி வந்திருக்கிறார்கள். ஆனால் அந்த விடை மடி எங்கே என்பதை மட்டுமே சொல்கிறது. மடியை அடையும் வழி எளிதாகிவிட்டால் பாலின் சுவை குறையுமா என்பது தனிக் கேள்வி. 19-ஆம் நூற்றாண்டின் பின்பாதியில் ரயில் வந்தபோது அந்தத் தனிக் கேள்வி எழுந்தது.

முத்தி தரும் தலங்களைப் பற்றி ஒரு வழக்கு உண்டு. திருவாரூரில் பிறந்தால் முத்தி, தில்லையைத் தரிசித்தால் முத்தி, காசியில் இறந்தால் முத்தி, திருவண்ணாமலையை நினைத்தாலே முத்தி. நான்கில் பிறப்பு நம் கையில் இல்லை. காசியில் இறப்பதற்குப் பணமும் காலமும் வேண்டும். நினைப்பதற்கு எதுவும் தேவையில்லை. தரிசனத்துக்கு மட்டும் உடம்போடு போய்ச் சேர வேண்டும். ஆகவே போக்குவரத்து என்பது தில்லைக்கு வெறும் வசதி அல்ல, சமயத்தோடு தொடர்புடைய ஒன்று.

இந்த நான்கு ஊர்களில் தமிழ்நாட்டில் உள்ள மூன்றுக்கும் முப்பது ஆண்டுகளுக்குள் தண்டவாளம் வந்துவிட்டது. முதலில் திருவாரூர். கிரேட் சதர்ன் ஆப் இந்தியா ரயில்வே நாகப்பட்டினத்திலிருந்து தஞ்சாவூர் வழியாகத் திருச்சிராப்பள்ளிக்குப் போட்ட பாதை 1861-62-இல் முடிந்தது. அந்த நிறுவனம் 1874-இல் கர்நாடிக் ரயில்வேயுடன் இணைந்து தென்னிந்திய ரயில்வே ஆயிற்று. சென்னையிலிருந்து விழுப்புரம், கடலூர், பரங்கிப்பேட்டை, சிதம்பரம், சீர்காழி, மாயவரம் (இன்றைய மயிலாடுதுறை) என்று தெற்கே இறங்கும் மீட்டர் பாதை 1870-களின் பின்பாதியில் போடப்பட்டது. திருவண்ணாமலை வழியாக விழுப்புரத்தையும் வேலூர்ப் பக்கத்தையும் இணைத்த பாதை 1891-இல் வந்தது. கடலூரிலிருந்து குறிஞ்சிப்பாடி, வடலூர் வழியாக விருத்தாசலம் போகும் கிளைப்பாதை 20-ஆம் நூற்றாண்டில் போடப்பட்டது. அதன் நீளம் 60 கிலோமீட்டருக்குள்தான். செம்மண் மேட்டில் விளைந்த மல்லாட்டையும் முந்திரியும், சமவெளி நெல்லும், பின்னாளில் நெய்வேலிப் பழுப்பு நிலக்கரியும் இந்தப் பக்கத்துப் பாதைகளில் போன சரக்குகள். பாதை போட்டவர்கள் பக்தர்களை எண்ணிப் போடவில்லை. துறைமுகத்தையும் சரக்கையும் எண்ணிப் போட்டார்கள். பக்தர்கள் அதில் ஏறிக்கொண்டார்கள்.

இவற்றுள் குடியானவர் காசில் உருவான பாதை ஒன்று உண்டு. தஞ்சாவூர் ஜில்லா போர்டு நில உடைமையாளர்களிடம் ரூபாய்க்கு மூன்று பை வீதம் தனி வரி வசூலித்து, மாயவரத்திலிருந்து திருவாரூர், திருத்துறைப்பூண்டி வழியாக முத்துப்பேட்டை வரை 54 மைல் பாதையை 1894-இல் திறந்தது. அன்று ரூபாய்க்கு 192 பை. ஆகவே இந்த வரி 64-இல் ஒரு பங்கு. பாதை பின்னர் அறந்தாங்கி வரை நீண்டது. வண்டியை ஓட்டியது தென்னிந்திய ரயில்வே, சொத்து போர்டுடையது. கம்பெனி முதலும் அரசு உத்தரவாதமும் கொண்டே ரயில் நடந்த காலத்தில் ஒரு மாவட்டத்து விளைநிலங்களின் வரியில் ரயில் ஓடியது சிறிய செய்தி அல்ல. யாத்திரை போகிறவனும் போகாதவனும் சேர்ந்து கொடுத்த காசில் யாத்திரை நடந்தது. ஒருவர் பெறும் புண்ணியத்துக்கு வேறொருவர் தோள் கொடுப்பது என்ற இந்த விஷயம் சைவ மரபுக்குப் புதியதல்ல.

வாகனம் பற்றி மரபு என்ன சொல்கிறது என்பதற்குக் கடலூர் மாவட்டத்திலேயே இரண்டு நிகழ்ச்சிகள் இருக்கின்றன. பெரியபுராணம் சொல்லும் முதல் நிகழ்ச்சி பெண்ணாடத்தை அடுத்த திருநெல்வாயில் அரத்துறையில் நடக்கிறது. சிறு பிள்ளையான திருஞானசம்பந்தர் தந்தையின் தோளில் ஏற மறுத்து நடந்தே வருகிறார். பிஞ்சுக் கால்கள் நோகின்றன. அன்றிரவு இறைவன் ஊர்க்காரர்களின் கனவில் தோன்றி, முத்துச் சிவிகையும் குடையும் சின்னமும் தந்து அனுப்புகிறான். இங்கே வழியின் துன்பத்தை இறைவனே குறைக்கிறான். நடந்தால்தான் பயன் என்று அவன் நினைத்ததாகத் தெரியவில்லை.

இரண்டாவது சிதம்பரத்திலேயே நடந்தது, 14-ஆம் நூற்றாண்டில். தில்லைவாழ் அந்தணர் மரபில் வந்த உமாபதி சிவாச்சாரியார் கோயில் பூசை முடித்து, பகல் வெளிச்சத்திலும் தீவட்டி பிடிக்கும் மரியாதையோடு சிவிகையில் வருகிறார். தெருவில் இருந்த மறைஞான சம்பந்தர் என்ற குரு அதைப் பார்த்து, பட்ட மரத்தின் மேல் பகற்குருடு போகிறது என்ற பொருளில் ஒரு சொல் சொன்னதாக வழிவழிச் செய்தி. உமாபதியார் சிவிகையை விட்டு இறங்கி அவர் பின்னாலேயே நடந்தார். சாதி குலம் பாராத குருவைப் பின்பற்றியதற்காகத் தில்லைவாழ் அந்தணர்கள் அவரை விலக்கிவைத்தார்கள். அவர் ஊருக்கு வெளியே கொற்றவன்குடியில் போய்த் தங்கினார். சைவ சித்தாந்த சாத்திரங்கள் பதினான்கில் எட்டு அவர் எழுதியவை.

திருஞானசம்பந்தர் ஏறினார், உமாபதி இறங்கினார். இரண்டையும் மரபு ஒன்றுபோலவே போற்றுகிறது. இன்னும் சொன்னால், சுந்தரர் வெள்ளை யானை மேல் ஏறிக் கயிலை போனார், சேரமான் பெருமாள் குதிரையில் போனார். அதே கயிலைக்குக் காரைக்கால் அம்மையார் காலால் மிதிக்கக் கூசித் தலையால் நடந்தார். திருநாவுக்கரசர் கால் தேய்ந்து, கை தேய்ந்து, மார்பு தேய்ந்து, உருண்டும் போக முயன்றார். அவருக்குக் கயிலை கிடைக்கவில்லை. பொய்கையில் மூழ்கி எழும்படி சொல்லப்பட்டு, திருவையாற்றில், சோழ நாட்டுக்குள்ளேயே காட்சி கிடைத்தது. துன்பத்தின் அளவுக்கு ஏற்பப் பயன் என்ற கணக்கு எந்தக் கதையிலும் ஒத்து வரவில்லை. யானையில் போனவருக்கும் கிடைத்தது, தலையால் நடந்தவருக்கும் கிடைத்தது, மார்பு தேய்ந்தவருக்குப் போன இடத்தில் கிடைக்காமல் வந்த இடத்தில் கிடைத்தது. பெரியபுராணம் பாடிய சேக்கிழார் அளந்தது தூரத்தை அல்ல, அன்பை.

ரயிலுக்கு எதிரான வாதத்தை மிகத் தெளிவாக முன்வைத்தவர் காந்தி. 1909-இல் இங்கிலாந்திலிருந்து தென்னாப்பிரிக்காவுக்குக் கப்பலில் போகும்போது குஜராத்தியில் எழுதிய ‘இந்திய சுயராஜ்யம்’ நூலில் ரயிலைப் பற்றித் தனி அத்தியாயமே உண்டு. முன்பு புனிதத் தலங்களுக்குப் போவது கடினமாக இருந்ததால் உண்மையான பக்தர்களே போனார்கள், இப்போது எத்தர்களும் போகிறார்கள், அதனால் தலங்களின் புனிதம் கெட்டுவிட்டது என்பது அவர் குற்றச்சாட்டுகளில் ஒன்று. பிளேக் பரவுவதற்கும், உழவன் தானியத்தை விலை கூடிய ஊருக்கு அனுப்பிவிடுவதால் உள்ளூரில் பஞ்சம் மிகுவதற்கும் ரயிலே காரணம் என்றும் அவர் சொன்னார். அதே அத்தியாயத்தை ஒட்டி இன்னொரு கருத்தும் வருகிறது. மனத்தூய்மை உள்ளவனுக்குக் கங்கை வீட்டிலேயே இருக்கிறது என்பதை முன்னோர் அறிந்தே இருந்தார்கள், ஆனாலும் இந்த நாடு ஒன்று என்று மக்கள் உணர்வதற்காகவே இராமேசுவரத்தையும் பூரியையும் ஹரித்துவாரத்தையும் யாத்திரைத் தலங்களாக ஏற்படுத்தினார்கள் என்பது அது.

காந்தியின் வாதத்தில் வழியின் கடினம் ஒரு சல்லடை. பக்தனை உள்ளே விட்டு மற்றவனை வெளியே நிறுத்துவது அதன் வேலை. இது பார்வைக்கு நியாயமாகத் தோன்றினாலும் சல்லடையின் கண் எதை அளக்கிறது என்று பார்க்க வேண்டும். நூறு மைல் நடந்து வர முடிந்தவன் பக்தி மிக்கவன்தானா, அல்லது அறுவடைக் காலத்தில் வேலையை விட்டு வர முடிந்தவனா? நோயாளியும் முதியவளும் கைக்குழந்தைக்காரியும் நின்றுபோனது பக்திக் குறைவாலா? நடைவழி உடல் வலுவையும் ஓய்வையும் அளந்த அளவுக்குப் பக்தியை அளக்கவில்லை. நடைவழியில் கொள்ளையர்களும் இருந்தார்கள் என்பதையும் சேர்த்துக்கொள்ளலாம். எத்தன் தலத்துக்கு வருவதற்கு ரயில் தேவைப்பட்டதில்லை.

ஆனால் ரயில் ஒன்றை உண்மையிலேயே மாற்றியது, அது காந்தி சொன்னதல்ல. நடந்த காலத்தில் யாத்திரிகன் வழிநெடுகப் பிறருக்குக் கடன்பட்டான். தஞ்சை மராட்டிய அரசர்கள் இராமேசுவரம் போகும் வழியில் கட்டிய சத்திரங்களும், தென்னாற்காட்டில் செட்டியார்களும் நிலக்கிழார்களும் வைத்த தண்ணீர்ப் பந்தல்களும் அவனுக்குச் சோறும் நீரும் நிழலும் தந்தன. தந்தவர் பெற்ற புண்ணியம் யாத்திரிகன் பெற்றதற்குக் குறைந்ததாக எண்ணப்படவில்லை. போக முடியாதவனும் போகிறவனுக்குச் சோறிட்டால் யாத்திரையில் பங்காளி. சீட்டு வாங்கி ஏறியவன் யாருக்கும் கடன்படவில்லை. கூலி கொடுத்தான், இறங்கினான், தரிசித்தான், திரும்பினான். இடையில் உள்ள ஊர்கள் சன்னலுக்கு வெளியே பின்னோக்கிப் போயின. புண்ணியத்தைப் பலர் பகிர்ந்துகொள்ளும் ஏற்பாடு இப்படித் தளர்ந்தது. வழித்துன்பம் போனதைவிட இது பெரிய இழப்பு என்று சொல்ல இடமுண்டு.

மறுபக்கம், ரயில் வந்த பிறகுதான் நடைக்குத் தனிப் பொருள் கிடைத்தது. வேறு வழி இல்லாதபோது நடப்பது நேர்த்திக்கடன் ஆகாது, அது வெறும் நடை. நாகப்பட்டினத்திலிருந்து வேளாங்கண்ணிக்குக் கிளைப்பாதை 2010-இல் திறக்கப்பட்டது. அதற்கு முன்பும் பின்பும், ஆகஸ்டு மாதக் கடைசியில், காவி உடுத்த பாதயாத்திரைக்காரர்கள் சென்னையிலிருந்து கடலூர், சிதம்பரம் வழியாகச் சாலையோரம் நடந்தே போகிறார்கள். பழனிக்குச் செட்டிநாட்டிலிருந்து காவடி எடுத்து நடப்பவர்களும் அப்படித்தான். ஏற வண்டி இருந்தும் ஏறாமல் இருப்பதில்தான் அவர்களுடைய விரதம் இருக்கிறது. கடினத்தை வண்டி ஒழித்துவிடவில்லை. விரும்பி ஏற்கும் ஒன்றாக மாற்றியது. இதற்கு மாறாக, இஸ்லாம் ஹஜ்ஜை வழிச்செலவுக்கும் உடலுக்கும் வசதி உள்ளவருக்கு மட்டுமே கடமையாக்கியது. அங்கே கடினத்தைத் தாங்கியதற்கான மதிப்பெண் எதுவும் முதலிலேயே கேட்கப்படவில்லை.

இவ்வளவு வாதங்களும் போக முடிந்தவனைப் பற்றியவை. தில்லையின் மிகப் புகழ்பெற்ற யாத்திரிகனோ போக முடியாதவன். கொள்ளிடக் கரையில் மேற்காநாட்டு ஆதனூர்ப் புலைப்பாடியைச் சேர்ந்த நந்தனார், பேரிகைக்குத் தோலும் யாழுக்கு நரம்பும் அர்ச்சனைக்குக் கோரோசனையும் கோயில்களுக்குக் கொடுத்து வந்தவர். தில்லைக்கு ‘நாளைப் போவேன்’ என்று சொல்லிச் சொல்லியே அவர் பெயர் திருநாளைப்போவார் ஆயிற்று. சுந்தரரின் திருத்தொண்டத்தொகையில் பெயராக மட்டும் வருகிறவரை 12-ஆம் நூற்றாண்டில் சேக்கிழார் விரித்துப் பாடினார். ஆதனூருக்கும் தில்லைக்கும் இடையிலான தூரம் உழைத்து உரமேறிய காலுக்குப் பெரிதல்ல. அந்தத் தூரத்துக்கு ரயில் இருந்திருந்தாலும் அவர் நாளைப்போவாராகவே இருந்திருப்பார்.

பெரியபுராணத்தில் அவரைத் தடுப்பது பிறப்பு. தில்லை எல்லையை அடைந்தும் உள்ளே புக முடியாமல், இரவும் பகலும் ஊரை வலம் வருகிறார். வந்து சேர்ந்துவிட்டார், தரிசனம் இல்லை. கடைசியில் தீயில் புகுந்துதான் உள்ளே போகிறார். ஏழு நூற்றாண்டுகள் கழித்து, மாயவரம் பக்கத்து ஆனந்ததாண்டவபுரத்தில் வாழ்ந்த கோபாலகிருஷ்ண பாரதி நந்தனார் சரித்திரக் கீர்த்தனைகளை இயற்றினார். அது 1860-களின் தொடக்கத்தில் காரைக்காலில் அச்சேறியது. நாகப்பட்டினம் பாதை திறந்த காலமும் அதுவே. (ஆனந்ததாண்டவபுரத்துக்கே பின்னாளில் ஒரு ரயில் நிலையம் கிடைத்தது.) பாரதியார் இரண்டாவது தடை ஒன்றைச் சேர்த்தார். அவருடைய நந்தன் வேதியர் ஒருவரின் பண்ணையாள். நாற்பது வேலி நிலத்து வேலையை முடித்துவிட்டுத் தில்லைக்குப் போ என்கிறார் ஆண்டை. ஒரு வேலி ஏறக்குறைய 6⅔ ஏக்கர். பூதகணங்கள் ஒரே இரவில் அதை முடித்துக் கொடுக்கும்வரை நந்தனுக்கு விடுதலை இல்லை.

இந்தச் சேர்க்கையைப் பழைய புராணத்துக்கு ஒவ்வாதது என்று குறை சொன்னவர்கள் உண்டு. ஆனால் டெல்டா வேளாண்மையை அறிந்தவருக்கு அதில் வியப்பில்லை. தில்லையின் இரு பெருவிழாக்கள் ஆனித் திருமஞ்சனமும் மார்கழித் திருவாதிரையும். ஆனியில் ஆற்றில் தண்ணீர் வரும், நாற்றங்கால் வேலை தொடங்கும். மார்கழியில் சம்பாப் பயிர் கதிர் முற்றி நிற்கும், தையில் அறுவடை. கீழணையிலிருந்தும் வீராணம் ஏரியிலிருந்தும் பாயும் நீரை நம்பி வாழ்ந்த பண்ணையாளுக்கு இந்த இரண்டு நாள்களும் ஆண்டை அனுமதித்தால்தான் உண்டு. வழியைவிட ஓய்வு அரிது. ‘நாளை’ என்பது சோம்பேறியின் சொல்லாகப் பல மொழிகளில் இருக்கலாம். நந்தன் வாயில் அது விடுப்புக் கிடைக்காதவன் சொல்.

மூன்றாம் வகுப்புப் பெட்டியில் எல்லாச் சாதியாரும் தோளோடு தோள் உட்கார நேர்ந்ததால் சாதி கரைந்துபோகும் என்று 19-ஆம் நூற்றாண்டில் பலர் எதிர்பார்த்தார்கள். பலகை இருக்கையில் ஓரளவு அது நடந்தது. ஆனால் தென்னிந்திய ரயில் நிலையங்களின் சிற்றுண்டிச் சாலைகளில் பிராமணர்க்குத் தனி இடம் என்ற பிரிவு 1940-களின் தொடக்கம் வரை இருந்தது. அது நீங்கப் பெரியார் இயக்கம் போராட வேண்டியிருந்தது. சிதம்பரம் நிலையத்தில் ஒன்றாக இறங்கியவர்கள் கோபுர வாசலில் பிரிந்தார்கள். நந்தனின் மரபில் வந்தவர்களுக்கு நிலையத்திலிருந்து சந்நிதி வரையிலான அந்த ஒரு மைல்தான் நாகப்பட்டினத்திலிருந்து வந்ததைவிட நீளமாக இருந்தது.

அந்த ஒரு மைலைக் கடக்க வேறு பாதை போட்டவர் சுவாமி சகஜானந்தர் (1890–1959). ஆரணிப் பக்கத்தில் பிறந்து 1910-இல் சிதம்பரம் வந்து, நந்தனார் பெயரில் மடமும், 1916-இல் பள்ளியும் தொடங்கினார். ‘நாளை’ என்பதற்குப் பதிலாக அவர் கையில் எடுத்தது படிப்பு. சட்டமன்றத்திலும் இருந்து பேசினார். 1927-இல் சிதம்பரம் வந்த காந்தி நந்தனாரை உண்மையான சத்தியாக்கிரகியாகப் போற்றினார். யாத்திரையைக் கெடுத்தது என்று ரயிலைக் குறைசொன்னவர் மூன்றாம் வகுப்பில் நாடு முழுக்கச் சுற்றியே அந்தப் பேச்சைப் பேச முடிந்தது. அதை முரண்பாடு என்று சிரிப்பதைவிட, தண்டவாளம் தன்னளவில் எந்தப் பக்கமும் சாய்வதில்லை என்று கொள்வது பொருத்தம். கோயில் கதவை ரயில் திறக்கவில்லை. 1947-இன் சென்னை மாகாண ஆலயப் பிரவேசச் சட்டம் திறந்தது.

ரயிலையும் முத்தியையும் பற்றிப் பேசும்போது 1896-ஆம் ஆண்டின் பயணம் ஒன்றை விட்டுவிட முடியாது. மதுரையில் படித்துக்கொண்டிருந்த வெங்கடராமன் என்ற பதினாறு வயதுப் பையன் அண்ணனின் கல்லூரிச் சம்பளப் பணத்தில் மூன்று ரூபாய் எடுத்துக்கொண்டு, திண்டிவனத்துக்கு 2 ரூபாய் 13 அணாவில் சீட்டு வாங்கினான். ஆகஸ்டு 29 அன்று கிளம்பி, விடியுமுன் விழுப்புரத்தில் இறங்கி, பாதி ரயிலும் பாதி நடையுமாகச் செப்டம்பர் 1 அன்று திருவண்ணாமலை சேர்ந்தான். விருத்தாசலம் வழிக் குறுக்குப் பாதை அப்போது இல்லை. அது 1929-இல்தான் வந்தது. ஆகவே பின்னாளில் ரமண மகரிஷி ஆனவர் அந்த இரவில் சிதம்பரத்தைக் கடந்தே போயிருக்க வேண்டும். தரிசித்தால் முத்தி தரும் ஊரில் இறங்காமல், நினைத்தாலே முத்தி தரும் ஊருக்கு உடம்போடு போனார். அதன் பிறகு 54 ஆண்டுகள் அந்த மலையை விட்டு எங்கும் போகவில்லை. நினைத்தால் போதும் என்ற ஊருக்கும் ஒருவருக்குப் பயணம் தேவைப்பட்டது.

சிதம்பரத்தை அடுத்த மருதூரில் 1823-இல் பிறந்த வள்ளலார் இராமலிங்கர் கேள்வியையே வேறு திசைக்குத் திருப்பினார். நடராசரை உருகிப் பாடியவர், 1867-இல் வடலூரில் சத்திய தருமச்சாலையைத் தொடங்கி அணையா அடுப்பை மூட்டினார். பார்வதிபுரத்து மக்கள் கொடுத்த நிலத்தில் 1872-இல் சத்திய ஞான சபை எழுந்தது. அங்கே உருவம் இல்லை. ஏழு திரைகளுக்குப் பின்னே இருப்பது சோதி. சீவகாருண்யமே வீட்டின் திறவுகோல் என்பது அவர் கொள்கை. எனவே பசித்தவனுக்குச் சோறிடுவது முதலிலும் சோதி தரிசனம் பிறகும் வருகின்றன. நடைவழிச் சத்திரங்களோடு தளர்ந்துபோன பகிர்வு இங்கே தலத்தின் நடுவிலேயே இடம்பெற்றது. இங்கும் ஒரு எல்லைக்கோடு உண்டு. கொலையும் புலாலும் நீக்கியவர் மட்டுமே சபைக்குள் வரலாம். பிறப்பு அங்கே கேட்கப்படுவதில்லை, தட்டில் என்ன இருந்தது என்பது கேட்கப்படுகிறது. தருமச்சாலைப் பந்தியில் அதுவும் கேட்கப்படுவதில்லை.

வடலூருக்கு ரயில் வந்தபோது வள்ளலார் மறைந்து அரை நூற்றாண்டு ஆகிவிட்டது. கடலூர்–விருத்தாசலம் பாதையில் அது ஒரு சிறிய நிலையம். தைப்பூசத்தன்று வந்தவர்கள் ரயிலிலும் பேருந்திலும் மாட்டு வண்டியிலும் நடந்தும் வந்தவர்கள். சிதம்பரம் வழியாகப் போகும் விழுப்புரம்–மயிலாடுதுறைப் பாதையை அகலப்பாதையாக்க 2006 இறுதியில் மூடி 2010-இல் திறந்தார்கள். இடைப்பட்ட ஆண்டுகளில் சிதம்பரத்துக்கு அந்த வழியில் ரயில் இல்லை. ஆனித் தேரும் மார்கழித் தேரும் வழக்கம்போல ஓடின. வந்தவர் எதில் வந்தார் என்று தேர் வடம் பிடித்தவர்களில் யாரும் கேட்கவில்லை. வடலூர்ப் பந்தியிலும் யாரும் கேட்பதில்லை. இலை போட்டுச் சோறு வைக்கிறார்கள்.